இடம் கிடைத்த பிறகு



"பிள்ளைக்கு யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்துவிட்டது!"

இந்த ஒரு வாக்கியத்துக்காக நம் வீடுகளில் எத்தனை ஆண்டுகள் காத்திருக்கிறோம்! தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் ஐந்து படிவம் ஏறி, எஸ்.டி.பி.எம். என்றும் மெட்ரிகுலேஷன் என்றும் கண்விழித்துப் படித்து முடித்த பிறகு அந்தத் தகவல் வருகிறது. அன்று மாலையே மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை. மறுநாள் பட்டணத்துக்குப் போய் ஒரு பெரிய பெட்டி, ஒரு வாளி, ஒரு கெத்தல், மெத்தைக்கு விரிப்பு எல்லாம் வாங்கியாகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி இரண்டு போத்தல் ஊறுகாய் கொண்டுவந்து வைக்கிறார்.

இடம் கிடைத்துவிட்டது என்கிறோமே, அந்தச் சொல்லைப் பற்றி இன்று உங்களோடு கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். கிடைத்தது என்னவோ பெயர்ப் பட்டியலில் ஓர் இடம். அது ஒரு கடிதம், ஓர் எண். அந்தப் பெரிய வளாகத்தில் பிள்ளை காலூன்றி நிற்க ஓர் இடம் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. அதை நாம் யாரும் கேட்பதில்லை. பெட்டியை இறக்கிவைத்து, நாலு படம் எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி திரும்பிவிடுகிறோம்.

கோலாலம்பூர் பந்தாய் பள்ளத்தாக்கிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நான் அங்கே படித்துப் பட்டம் வாங்கியவனல்லன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சான்றிதழ் பெற்றுத் தோட்டப் பள்ளிக்கு வந்தவன். ஆனாலும் பள்ளிச் சுற்றுலா என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போயிருக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் சிலர் அங்கே படிக்கிறார்கள். அவர்களைப் பார்க்கவும் போயிருக்கிறேன். வெளியாளாக நடந்து பார்த்ததில் சில சங்கதிகள் தெளிவாயின.

வாசலும் நம் பழைய பயமும்

அந்த வளாகத்துக்குக் கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு வாசல், பெட்டாலிங் ஜெயாப் பக்கம் ஒரு வாசல். ஒவ்வொன்றிலும் காவலர்கள் இருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து வருகிறவருக்கு அந்த வாசல் என்னத்தை நினைவுபடுத்தும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தோட்டத்துக்கும் வாசல் இருந்தது. மேட்டில் துரை பங்களா இருந்தது. அந்தப் பக்கம் நம்மவர்கள் காரணமில்லாமல் போவதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று உங்களுக்குத் தெரியுமா? துரைமார்களைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பது. கூலி உயர்வோடு சேர்த்து அதையும் கேட்டார்கள். சொந்த வீடிருக்கும் பாதையில் சைக்கிள் மிதித்துப் போக ஒரு போராட்டம்!

துரைமார்கள் போய்விட்டார்கள். வழக்கமும் போய்விட்டது. ஆனால் பெரிய கட்டடத்தைக் கண்டால் ஓரமாக ஒதுங்கி நடக்கும் பழக்கம் மட்டும் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துகொண்டிருக்கிறது. பிள்ளை மேல்நிலைத் தேர்வில் நல்ல புள்ளிகள் வாங்கியிருப்பான். ஆனால் விரிவுரை மண்டபத்தில் கடைசி வரிசையைத் தேடிப் போவான். சந்தேகம் இருந்தாலும் கை தூக்கமாட்டான். இதைப் பலர் கூச்சம் என்கிறார்கள். இந்த இடம் நமக்கில்லை என்று உள்ளே ஒரு குரல் சொல்கிறது, அதுதான் காரணம் என்பேன் நான்.

முதல், கரு, உரி

நம் பழந்தமிழ் இலக்கணம் இடத்தைப் பற்றி அழகான ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தொல்காப்பியம் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றைச் சொல்லும். நிலமும் பொழுதும் முதல். அந்த நிலத்து மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில், பறை முதலியன கரு. அங்கே வாழ்கிறவர் மனத்தில் எழும் உணர்வு உரி. மூன்றும் சேர்ந்தால்தான் அது குறிஞ்சி, அது முல்லை. வெறும் மலை குறிஞ்சி ஆகிவிடாது.

நம் பிள்ளையின் கதையும் இதுதான். பதிவு நாளன்று அவனுக்குக் கிடைப்பது நிலம் மட்டுமே. கருவும் உரியும் இனிமேல்தான் சேரவேண்டும். அவை எங்கெங்கே சேரும் என்று வளாகத்துக்குள் நடந்து பார்ப்போம்.

பெரிய மண்டபம்

முதலில் கண்ணில் படுவது துங்கு சான்சலர் மண்டபம். மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் பிறந்தது. பழைய மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து உருவானது அது. பிறகு கோலாலம்பூரில் ஒரு பிரிவு அமைந்து, 1962இல் இங்கே தனிப் பல்கலைக்கழகமானது. அதன் முதல் வேந்தர் துங்கு அப்துல் ரஹ்மான். அவர் பெயரால் 1966இல் எழுந்தது இந்த மண்டபம். கிங்டன் லூ என்ற நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் வரைந்தது. பூச்சு வேலை இல்லாமல் சிமெண்டுக் கான்கிரீட்டை அப்படியே காட்டும் பாணி. 2001 ஜூன் மாதம் தீப்பிடித்துப் பெரும் சேதமாகி, பிறகு சீர்செய்யப்பட்டது.

இந்த மண்டபம் பெற்றோரின் கனவு. கறுப்பு அங்கியும் தொப்பியுமாகப் பிள்ளை மேடை ஏறும் காட்சியை நாம் பத்து வருடமாக மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறோம். நல்லதுதான். ஆனால் பட்டமளிப்பு ஒரு நாள். படிப்போ மூன்று, நாலு வருடம். மண்டபத்தைக் கடந்து பிள்ளை தினமும் நடக்கிறான். அது அவனைப் பார்த்து, நீ இன்னும் இங்கே வந்து சேரவில்லை என்று சொல்வது போலவே இருக்கும். பெரிய மண்டபங்கள் மரியாதையைத் தரும். உட்கார ஓர் இடத்தைத் தருவதில்லை.

ஒரு வெள்ளி கொடுத்தவர்கள்

அடுத்து நூலகம். இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும், வாசகர்களே.

ஐம்பதுகளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைக்கப் பேச்சு எழுந்தபோது, எந்த மொழிக்கு முதலிடம் என்று ஒரு சர்ச்சை வந்தது. சமஸ்கிருதத்துக்கு என்று ஒரு பரிந்துரை. இந்த நாட்டு இந்தியரில் பெரும்பாலோர் பேசும் தமிழுக்கே என்று நம்மவர்கள் குரல் கொடுத்தார்கள். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதியைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கள் என்று கேட்டார். பால்மரம் வெட்டியவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், சாலை போட்டவர்கள் என்று எல்லோரும் கொடுத்தார்கள். அன்று ஒரு வெள்ளி என்பது சின்னத் தொகை அன்று. வீட்டில் அரிசிக்கும் மீனுக்கும் வைத்திருந்த காசு. 1956இல் இந்தியவியல் துறை தொடங்கியது. தமிழ் அதில் இடம்பெற்றது. தமிழ் நூல்கள் வாங்க அந்த ஏழைகளின் வெள்ளி உதவியது.

கொடுத்தவர்களில் எத்தனை பேர் அந்தப் புத்தகங்களைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்? அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெருவிரல் ரேகை வைத்துச் சம்பளம் வாங்கியவர்கள். தாம் படிக்கமுடியாத புத்தகத்துக்கு, தாம் நுழையமுடியாத கட்டடத்துக்கு, யாரோ ஒரு பேரப்பிள்ளை படிப்பான் என்று நம்பிக் கொடுத்தார்கள்.

1961இல் அந்தத் துறைக்குத் தலைமையேற்றவர் தனிநாயக அடிகள். முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்ததென்றால் அதற்கு அவருடைய உழைப்பு பெருங்காரணம். சென்னையில் 1968இல் நடந்தது இரண்டாவது மாநாடுதான். எண்பதுகளிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 'பேரவைக் கதைகள்' என்று சிறுகதைப் போட்டி நடத்தி வருவதையும் நம் வாசகர்களில் பலர் அறிவீர்கள். நீங்களே அதற்குக் கதை அனுப்பியிருக்கலாம்!

இதையெல்லாம் பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறோமா? தமிழ்த்துறையில் படிக்கப்போகும் பிள்ளைக்கு மட்டும் சொல்வதல்ல இது. பொறியியல் படிக்கப் போகிறவனும், கணக்கியல் படிக்கப் போகிறவளும் கேட்டுக்கொள்ளவேண்டிய செய்தி. அந்த வளாகத்துக்குள் நுழையும் நம் பிள்ளை யாருடைய வீட்டுக்கோ விருந்தாளியாகப் போகவில்லை. அவனுடைய தாத்தாவின் ஒரு வெள்ளி அவனுக்கு முன்பே போய்விட்டது.

ஒரு தந்தையின் தொலைபேசி

சில வருடங்களுக்கு முன் ஒரு தந்தை எனக்குத் தொலைபேசியில் பேசினார். அவருடைய மகள் எங்கள் பள்ளியில் படித்து, பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனவள். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபிறகு அவர்கள் அடுக்குமாடி வீட்டுக்கு மாறியிருந்தார்கள். முன்பு பால்மரம் வெட்டியவர், இப்போது ஒரு தொழிற்சாலையில் காவலாளி.

"சார், புள்ள ராத்திரியெல்லாம் அழுவுது. சாப்பிடறதில்லயாம். ரூம்லயே பிஸ்கட்டும் மைலோவும்தானாம். கூட்டியாந்துறலாமான்னு பாக்குறேன்."

"எத்தனை நாளாச்சுண்ணே?"

"ரெண்டு வாரம் சார்."

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல சார். எங்க போனாலும் யாரோ வீட்டுக்குள்ள பூந்துட்ட மாதிரி இருக்குதாம்."

அந்த வார்த்தை என்னை உட்கார வைத்துவிட்டது. ஒரு மாதம் மட்டும் பொறுங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். பிறகு அந்தப் பெண்ணோடு பேசினேன். பாடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கேயம்மா உட்காருவாய் என்று கேட்டேன். "எங்கயும் இல்ல சார். கிளாஸ் முடிஞ்சா ரூமுக்கு வந்துருவேன்" என்றாள். ஒரு வாரத்துக்குள் உனக்கென்று மூன்று இடம் பிடித்துவிட்டு எனக்குச் சொல் என்றேன். வீட்டுப்பாடம் போல!

சின்ன இடங்களின் பெரிய வேலை

அவள் பிடித்த இடங்களைச் சொல்கிறேன். முதல் இடம் நூலகத்தில் ஒரு சன்னல் ஓர நாற்காலி. தினமும் அதே நேரம், அதே நாற்காலி. நாலாம் நாள் எதிரில் உட்காரும் ஒரு கிளந்தான் பெண் புன்னகைத்தாளாம். ஆறாம் நாள், கொஞ்சம் பையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது சின்ன விஷயமா? உன்னை நம்புகிறேன், நீ இங்கேயே இருப்பவள் என்றல்லவா அதற்குப் பொருள்!

இரண்டாவது, உணவகத்தில் ஒரு கடை. காலையில் பசியாற அங்கேதான் போவாள். ரொட்டிச் சானாயும் தே தாரிக்கும். பத்து நாளில் கடைக்கார மக்சிக், "சீனி குறைத்துத்தானே?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். அந்தக் கேள்வியில்தான், சார், எனக்கு அழுகை நின்றது என்றாள் அந்தப் பெண்.

வளாகத்தைக் கட்டுகிறவர்கள் மண்டபத்தையும் விரிவுரைக் கூடத்தையும் பெரிதாக வரைகிறார்கள். ஆனால் மனிதர்கள் பழகுவதோ நடைகூடத்திலும், பஸ் நிறுத்தத்திலும், துணி காயப்போடும் கொடியடியிலும், உணவக மேசையிலும்தான். பழைய தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். அலுவலகத்தில் யார் பழகினோம்? பெரட்டுக் களத்திலும், தண்ணீர்க் குழாயடியிலும், லயத்து வாசல் திண்ணையிலும்தானே உறவு வளர்ந்தது?

தங்கும் கல்லூரி இன்னொன்று. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மாணவர் தங்குமிடங்களை முதலாம் கல்லூரி, இரண்டாம் கல்லூரி என்று எண்ணிட்டு அழைப்பார்கள். முதலாம் கல்லூரிக்கு நாட்டின் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மானின் பெயர். இந்தக் கல்லூரிகளில் ஒரே மாடியில் மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, சபா சரவாக் பிள்ளை என்று எல்லாரும் இருப்பார்கள். நம் பிள்ளைகள் சிலர் தமிழ் முகம் தேடி வேறு மாடிக்கு ஓடிவிடுகிறார்கள். துணை வேண்டியதுதான், தவறில்லை. ஆனால் பக்கத்து அறையில் இருப்பவர் பெயர் தெரியாமல் ஒரு வருடம் ஓட்டுவது, வாடகை வீட்டில் பெட்டியைத் திறக்காமலே குடியிருப்பது போல.

காட்டுக்குள் ஒரு கொட்டை

மூன்றாவது இடத்தைப் பற்றிச் சொல்லுமுன் கொஞ்சம் சரித்திரம்.

மலாயாப் பல்கலைக்கழகம் நிற்கும் பந்தாய் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ரப்பர் காடு. பக்கத்திலிருக்கும் பங்சாரை இன்று பணக்காரர் வட்டாரம் என்கிறோம். அந்தப் பெயரே ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த புங்கே, கிரிசார் என்ற இருவரின் பெயர்கள் ஒட்டிப் பிறந்தது என்பார்கள். ஆகவே அந்த மண்ணில் கட்டடம் எழும்புமுன் நிரை நிரையாக நின்றது கித்தா மரம். விடியலில் விளக்கோடு நடந்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்.

அந்த வளாகத்துக்குள் 'ரிம்பா இல்மு' என்று ஒரு தாவரவியல் தோட்டம் இருக்கிறது. அறிவுக் காடு என்று பொருள். 1974இல் தொடங்கியது. ஏறத்தாழ 80 ஹெக்டர் பரப்பு; நம் கணக்கில் சுமார் 200 ஏக்கர். நகரத்து நடுவே இவ்வளவு பெரிய பச்சையைப் பாதுகாத்து வைத்திருப்பது பெரிய காரியம். மழைக்காட்டுச் செடிகொடிகள், பனை வகைகள், மருந்து மூலிகைகள் என்று ஆராய்ச்சிக்காக வளர்க்கிறார்கள்.

அந்தப் பெண் ஒருநாள் மாலை தோழியோடு அந்தப் பக்கம் நடக்கப் போனாள். பாதையில் ஒரு கித்தாக் கொட்டை கிடந்ததாம். பழுப்பில் புள்ளி போட்டு வழவழவென்று இருக்குமே, அதேதான். வெயிலில் காய் படாரென்று வெடித்துக் கொட்டை தெறிக்கும் சத்தம் தோட்டத்தில் பிறந்தவர் எவருக்கும் மறக்காது. கொட்டையைச் சிமெண்டில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலறவிடாத பிள்ளை உண்டா? இவளும் பாதை ஓரத்தில் அதைத் தேய்த்துத் தோழியின் கையில் வைத்தாளாம். அந்தச் சீனப் பெண் அலறினாள். பிறகு இருவரும் சிரித்தார்கள். பிறகு, இதென்ன கொட்டை, உனக்கெப்படித் தெரியும் என்று அவள் கேட்க, இவள் தன் தோட்டத்தைப் பற்றி, அப்பாவின் உளியைப் பற்றி, அம்மா மங்கு கழுவியதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள்.

"மொத தடவ சார், அங்க நான் ஒருத்தருக்குச் சொல்லிக்குடுத்தேன்" என்றாள் என்னிடம்.

இந்த இடத்தில்தான் உரிப்பொருள் பிறந்தது என்பேன். அதுவரை எல்லாம் அவளுக்குக் கற்பித்தன. அன்று அவள் கற்பித்தாள். ஓர் இடம் நமக்குக் கொடுப்பதை வாங்கிக்கொண்டிருக்கும் வரையில் நாம் விருந்தாளி. நாமும் ஏதேனும் கொடுக்கும்போதுதான் அந்த இடத்தில் நமக்குப் பங்கு வருகிறது. அந்த ஒரு வெள்ளி கொடுத்த பெரியவர்களுக்கு இந்த உண்மை அன்றே தெரிந்திருந்தது.

இப்படி நம் கைக்கு எட்டும் சின்னச் சின்னக் கண்ணிகள் அந்த வளாகத்தில் இன்னும் உண்டு. அங்குள்ள ஆசியக் கலை அரும்பொருளகத்தில் 'கெண்டி' என்னும் மூக்குவைத்த நீர்ச்செம்புகளின் பெரிய தொகுப்பு இருக்கிறது. மலாய்க்காரரும் கெண்டி என்கிறார்கள், நாமும் கெண்டி என்கிறோம்! 1974இல் ரப்பர் விலை விழுந்து கெடா பாலிங் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர் குடும்பங்கள் பட்டினி கிடந்தபோது, அந்த டிசம்பரில் தெருவில் இறங்கி அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களில் இந்தப் பல்கலைக்கழக மாணவர்களும் உண்டு. ஆக, கித்தாவுக்கும் அந்த வளாகத்துக்கும் உள்ள உறவு மண்ணோடு மட்டும் முடிந்துவிடவில்லை.

இடத்தை உண்டாக்கத் தெரிந்தவர்கள் நாம்

இப்போது ஒன்று யோசித்துப் பாருங்கள். லயம் யாருடையது? கம்பெனியுடையது. நிலம்? கம்பெனியுடையது. மரம்? அதுவும் கம்பெனியுடையதே. ஆனாலும் லயத்துப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டோம். மரத்தடியில் ஒரு கல்லை வைத்து முனியாண்டி என்று கும்பிட்டோம். பள்ளிக்கூடம் கேட்டு வாங்கினோம். பந்து விளையாடத் திடல் வெட்டினோம். அடுத்தவர் நிலத்தில் நின்றுகொண்டே அதை நம் ஊராக்கினோம். வேறு யாருக்கு வருமோ வராதோ, அந்தக் கலை நம்மிடம் இருந்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. விற்கப்பட்டன. வீடமைப்பாகவும் கோல்ஃப் திடலாகவும் மாறின. ஒரே வாரத்தில் பெட்டி கட்டி அடுக்குமாடிக்குப் போன குடும்பங்கள் எத்தனை! கட்டிய இடம் கையை விட்டுப் போனதைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள். இன்னோர் இடத்தை நம்பி மனத்தைக் கொடுக்க இவர்கள் தயங்குவதில் வியப்பில்லை. ஆகவே, இடத்தை எப்படி உண்டாக்குவது என்று நம் வீட்டுப் பெரியவர்கள்தான் அவர்களுக்குச் சொல்லவேண்டும். எந்த விரிவுரையாளரும் இதைச் சொல்லித்தரமாட்டார்.

சில யோசனைகள் சொல்கிறேன். பணச் செலவு அதிகமில்லை.

பிள்ளை இரண்டாம் மூன்றாம் படிவம் படிக்கும்போதே பள்ளி விடுமுறையில் ஒருநாள் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அழைத்துப் போங்கள். முன்கூட்டியே விசாரித்து, காவலரிடம் காரணம் சொல்லி, வெளியாருக்கு அனுமதியுள்ள இடங்களைச் சுற்றிக் காட்டுங்கள். மண்டபத்துக்கு முன் படம் எடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஏரிக்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுங்கள். ஒருமுறை சாப்பிட்ட இடம் மறுமுறை அந்நியமாக இருக்காது.

பதிவு நாளில் அவசரப்பட்டுத் திரும்பாதீர்கள். அறையிலிருந்து நூலகத்துக்கும், நூலகத்திலிருந்து உணவகத்துக்கும் பிள்ளையோடு ஒருமுறை நடந்து பாருங்கள். அப்பா நடந்த பாதை என்றாலே அதற்கு ஒரு தெம்பு உண்டு.

முதல் மாதம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டுக்கு வா என்று கூப்பிடாதீர்கள். வார இறுதியில்தான் வளாகம் ஓய்ந்திருக்கும். அப்போதுதான் பிள்ளை அதைச் சுற்றிப் பார்த்துப் பழகுவான்.

மேற்படிப்பு முடித்த அண்ணன் அக்காள்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தங்கையோ, உங்கள் தோட்டத்துப் பிள்ளையோ நுழையும்போது, எந்தப் பாடம் எளிது என்று சொல்வதோடு, எந்த மரத்தடியில் நிழல் நல்லது, எந்தக் கடையில் கடன் சொல்லலாம் என்பதையும் சொல்லுங்கள்.

அந்தப் பெண் படிப்பை முடித்துவிட்டாள். பட்டமளிப்புக்கு அவளுடைய பெற்றோர் போனார்கள். மண்டபத்துப் படங்களை எனக்குக் காட்டினார்கள். அவற்றுள் ஒரு படத்தில் அப்பாவும் அம்மாவும் உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் அந்த மக்சிக் கையில் ஒரு தே தாரிக்கோடு நிற்கிறார். அப்பா காவலாளிச் சீருடையில் இல்லை; வெள்ளை வேட்டி, சட்டை. மேசையில் முழங்கையை ஊன்றிச் சொந்த வீட்டில் போல் உட்கார்ந்திருந்தார்.

வாசகர்களே, இந்த ஆண்டு உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பிள்ளை மேற்படிப்புக்குப் போகலாம். தொலைபேசியில் பேசும்போது சாப்பிட்டாயா, பணம் இருக்கிறதா, பரீட்சை எப்போது என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதோடு, "தினமும் எங்கே உட்காருகிறாய்?" என்றும் ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். பதில் உடனே வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பதில் வரத் தாமதித்தால், அடுத்த வாரமே பஸ் ஏறிப் போய்ப் பிள்ளையோடு கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.